மாற்றுத்திறனாளிகள் ஆய்வியல் துறை தொடங்கக் கோரி மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து மனு

அனுப்புநர்:
செயலாளர்,
மாற்றுத்திறனாளிகள் சங்கம்,
மரக்காணம் வட்டாரம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆய்வியல் துறையும் ஆய்வு மையமும் தொடங்கக் கோருதல் – பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 47(2).
2. ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 8.11.2024.
3. எங்கள் முந்தைய மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

மரக்காணம் உப்பளக் கரையில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களது குடும்பத்தாரும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. எங்கள் பிள்ளைகளில் சிலர் தங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்.

கோரிக்கை 1: மாற்றுத்திறனாளிகள் ஆய்வியலுக்குத் தனித் துறையும் ஆய்வு மையமும் தொடங்க வேண்டும்.

இதைக் கேட்பது புதிதல்ல. முதல் மனுவில் நாங்கள் கேட்டது ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றுதான். சமூகவியல் துறையோ சட்டத் துறையோ அதை நடத்தலாம், இருக்கும் ஆசிரியர்களே போதும், மாலை நேர வகுப்பானாலும் சம்மதம் என்று எழுதியிருந்தோம். “தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதினோம். அதற்கும் அதே வாசகம் வந்தது. அடுத்த மனுவில் தனித் துறை கேட்டு, சட்டப் பிரிவை முழுமையாக எழுதி, நகலும் இணைத்தோம். சமவாய்ப்பு மையம் ஏற்கெனவே செயல்படுவதால் தனித் துறைக்கு அவசியம் எழவில்லை என்றார்கள். சமவாய்ப்பு மையம் மாணவர்களுக்கு உதவி செய்யும் இடம், நாங்கள் கேட்பது பாடமும் ஆராய்ச்சியும் நடக்கும் இடம் என்று விளக்கி எழுதினோம். இந்த முறை நிதிநிலை இடம் தரவில்லை என்றும், சிறப்புக் கல்வியில் ஆசிரியப் பயிற்சி வேறு நிறுவனங்களில் கிடைக்கிறது என்றும் பதில் வந்தது. நாங்கள் கேட்காத படிப்பு எங்கே கிடைக்கும் என்று சொன்னதற்கு நன்றி.

ஆகவே இந்த மனுவில் சட்டத்திலிருந்தே தொடங்குகிறோம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 19.4.2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 47ஆம் பிரிவு மனிதவள மேம்பாடு பற்றியது. முதல் உட்பிரிவு அரசைப் பார்த்துப் பேசுகிறது. ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நிர்வாகிகள், காவல் துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகள் உரிமையைக் கட்டாயமாக்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், செவிலியர், அங்கன்வாடி ஊழியர், பொறியாளர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் படிப்பில் அது ஒரு பகுதியாக வேண்டும். மனிதவளத்தை வளர்க்க அரசு முயற்சி எடுக்க வேண்டும், அதற்காக இவற்றைச் செய்ய வேண்டும் என்பது அங்குள்ள வாசகம். இரண்டாம் உட்பிரிவு அரசை விட்டுத் தங்களைப் பார்த்துப் பேசுகிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் மாற்றுத்திறனாளிகள் ஆய்வியலில் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் வளர்க்க வேண்டும், அதற்கான ஆய்வு மையங்களை அமைப்பதும் அதில் அடங்கும் என்கிறது. ‘முயற்சி எடுக்க’ என்ற தளர்வு இங்கே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம் என்ற பாகுபாடும் இல்லை.

நிதி பற்றிய பதிலுக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு பற்றிய 24ஆம் பிரிவும் மறுவாழ்வு பற்றிய 27ஆம் பிரிவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடுதான் எழுதப்பட்டுள்ளன. வசதிக்குத் தகுந்தபடி செய்தால் போதும் என்று நாடாளுமன்றம் நினைத்த இடங்களில் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 47(2)இல் சொல்லவில்லை. இது விடுபட்டுப் போனதல்ல, தெரிந்தே வைத்த வேறுபாடு என்பது எங்கள் வாதம். மாறான சட்டக் கருத்து தங்கள் அலுவலகத்திடம் இருந்தால் எழுத்து மூலம் தருமாறு கேட்கிறோம். இச்சட்டத்தை மீறுவோருக்கு அபராதம் விதிக்கும் 89ஆம் பிரிவை இந்த மனுவில் குறிப்பிட வேண்டாமென்று சங்கத்தில் பலர் சொன்னார்கள். அவர்கள் விருப்பப்படி அதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

இனி முன்னுதாரணம். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு, குறிப்பாகப் பார்வையற்றோருக்கு, எட்டும்படி இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி 2005இல் வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, நாட்டில் நிலைமை உண்மையில் எப்படி இருக்கிறது என்று அறிய உச்ச நீதிமன்றம் விரும்பியபோது அந்தப் பணியை ஒப்படைத்தது ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம். மையம் அறிக்கை கொடுத்தது. 8.11.2024 அன்று வந்த தீர்ப்பு அந்த அறிக்கையின் மேல் நின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில், வெறும் பரிந்துரைகளான வழிகாட்டுதல்களைக் கொண்டிருந்த 15(1)ஆம் விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாய விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது. 47(2) சொல்லும் ஆய்வு மையம் என்ன வேலைக்கு என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை எங்களிடம் இல்லை. நாளை ஒரு நீதிமன்றம் இந்தக் கடற்கரையைப் பற்றிக் கேட்டால் எந்தப் பல்கலைக்கழகத்தைக் கூப்பிடும்?

சிறப்புக் கல்வி பற்றிய குழப்பத்தையும் இத்தோடு தீர்த்துவிடுகிறோம். எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மறுவாழ்வுப் பணியாளர்களையும் சிறப்பாசிரியர்களையும் அது பயிற்றுவிக்கிறது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனமும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அப்பணியைச் செய்கின்றன. எல்லாம் வேண்டியவையே, எங்கள் பிள்ளைகள் அவற்றால் பயன் பெற்றிருக்கிறார்கள். ஆனால் காது கேளாத குழந்தைக்கு எப்படிப் பாடம் சொல்லித் தருவது என்பது ஒரு படிப்பு. அந்தக் குழந்தையை ஊர், பள்ளி, சட்டம், கூலிக்கணக்கு எல்லாம் சேர்ந்து எப்படி ஒதுக்கி வைத்தன என்று ஆராய்வது வேறு படிப்பு. இங்கிலாந்தில் மைக் ஆலிவர் 1983இல் சமூக மாதிரி என்று பெயரிட்டது இந்த இரண்டாவது பார்வைக்குத்தான். அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1994இல் இதைப் பாடத்திட்டமாக்கியது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி முதுகலையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்து வந்திருக்கிறது. நாங்கள் கேட்பது அந்த வழியைச் சேர்ந்தது.

மரக்காணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தங்கள் அலுவலக அன்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இங்கே தை, மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் ஐப்பசி மழை வரை உப்பு வாருவது நிற்காது. வெயில் மேலிருந்து ஒரு பங்கு, வெள்ளை உப்பிலிருந்து திரும்பி ஒரு பங்கு. கண்ணில் சதை வளர்கிறது, புரை சீக்கிரம் விழுகிறது. காலையில் இறங்கிய கால் மாலை வரை உப்புத் தண்ணீரிலேயே நிற்பதால் வெடிப்பும் ஆறாப் புண்ணும் வருகின்றன. அளத்தில் நிழலும் கழிப்பறையும் அரிது என்பதால் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பெண்கள் பலர். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளரிடம் வெப்பமும் சிறுநீரகமும் பற்றி ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அது மருத்துவ ஆய்வு. அதற்கு அப்பால் உள்ள கேள்வியைக் கேட்க ஆளில்லை. சட்டத்தின் அட்டவணையில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. நாள்பட்ட சிறுநீரக நோய் அவற்றுள் இல்லை. கண் பாதி மங்கியவர் ஊன அளவில் 40 சதவீதத்தைத் தொடாவிட்டால் பலன்கள் பெரும்பாலும் கிட்டா. அளத்துக்காரர் வேலைக்கு வேண்டாம் என்கிறார், சான்றிதழ் ஊனமில்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. தலசீமியாவும் அமில வீச்சும் பின்னர் பட்டியலில் ஏறின என்றால், யாரோ ஆராய்ந்து, எழுதி, வாதாடியதால் ஏறின. உப்பளத்துக்காக அந்த வாதத்தை எழுத ஒரு துறை வேண்டும்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்ததை நாடே படித்தது. அதில் இருந்த மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்கும் என்பது மருத்துவம் அறிந்தது. பிழைத்து வந்தவர்களின் கண்ணும் கூலியும் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து என்ன ஆகின்றன என்று தொடர்ந்து பார்த்து எழுதுவது யார் வேலை? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பாத்திகள் மூழ்கின. சக்கர நாற்காலியில் இருப்பவரை எந்த வழியாக, யார் தூக்கிச் செல்வது என்று திட்டமிட வேண்டியவர் யார்? பக்கத்துக் கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகளை எண்ண ஆராய்ச்சி மாணவர்கள் வருகிறார்கள். வரட்டும், எங்களுக்கும் பெருமைதான். அதே கழுவேலிக்குப் பக்கத்தில் பார்வை மங்கிய உப்பளத் தொழிலாளரை எண்ண, எங்கள் சங்கம் அறிந்தவரை, ஒருவரும் வந்ததில்லை.

தேவை இல்லை என்று இனியும் சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது. மன்றத்தில் உட்காருவோருக்கும் அவர்களோடு உட்காருவோருக்கும் பயிற்சி வேண்டும் என்று மேலே சொன்ன 47(1) முன்பே சொல்லிவிட்டது. பயிற்றுநர்கள் எங்கிருந்து வருவார்கள்?

எனவே துல்லியமாகக் கேட்கிறோம். வரும் கல்வியாண்டில் முதுகலைப் படிப்பும், பாத்தியை விட்டு வர முடியாதவர்களுக்காக மரக்காணத்திலேயே வார இறுதியில் தமிழில் நடக்கும் சான்றிதழ் படிப்பும் தொடங்க வேண்டும். துறையின் ஆசிரியப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகள் அமர வேண்டும்; வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு பற்றிய 34ஆம் பிரிவின் 4 சதவீதக் கணக்கைக் காட்டி, மூன்று பணியிடத்தில் நாலு சதவீதம் எவ்வளவு என்று எங்களைக் கேட்க வேண்டாம். பாடத்திட்டக் குழுவில் எங்களைப் போன்ற சங்கங்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும், பார்வையாளர் நாற்காலி போதாது. முதல் கள ஆய்வு இந்த உப்பளக் கரையில் நடக்க வேண்டும். அதன் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, பேசிய மக்களிடமே முதலில் கொடுக்க வேண்டும்.

கோரிக்கை 2: உயர்கல்விச் சேர்க்கையில் 32ஆம் பிரிவின்படி 5 சதவீத இடங்கள் துறைவாரியாக நிரப்பப்பட்ட விவரத்தை, அவ்விடங்கள் பற்றிய 15.12.2017 நாளிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கருத்தில் கொண்டு, ஆண்டுதோறும் வெளியிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கோரிக்கை 3: தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் சொல்வதை எழுதுவோர் பட்டியலைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னரே தயாரித்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கோரிக்கை 4: விண்ணப்பங்கள் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்கத்தக்க வடிவில் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும்.

கோரிக்கை 5: சேர்க்கைக் காலத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் முகப்பில் அமர்த்தப்பட வேண்டும்.

கோரிக்கை 6: நிர்வாகக் கட்டடத்தின் சாய்தளத்தில் இருசக்கர வாகனங்களை நிறுத்துவதைத் தடை செய்து ஆணையிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

முதல் கோரிக்கையின் மீது ஆட்சிக்குழு எடுக்கும் முடிவை, அது மறுப்பாக இருந்தாலும், தீர்மான எண்ணோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுப்பு வந்தால் அதை இணைத்து மாநில ஆணையரிடம் 80ஆம் பிரிவின் கீழ் முறையிடச் சங்கத்தின் பொதுக்குழு ஏற்கெனவே தீர்மானித்திருக்கிறது. “உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது” என்ற பதிலையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

இணைப்பு: முந்தைய மனுக்கள், பதில்களின் நகல்கள்; சட்டப் பிரிவு 47இன் நகல் (மீண்டும்).

நகல்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், சென்னை; மாவட்ட ஆட்சியர், விழுப்புரம்.