எம்.எஸ்சி. வேறு, ரிஜிஸ்ட்ரேஷன் வேறு!

பி.பி.டி. முடித்துவிட்டு வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது 'எந்த யுனிவர்சிட்டி நல்லது?' என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. 'அங்கே பிசியோவாக வேலை பார்க்கப் பதிவு கிடைக்குமா?' என்பதுதான் முதல் கேள்வி. (பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? வருகிறேன்.)

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே எச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். எம்.எஸ்சி.யிலும் இரண்டு வகை. ஒன்று, வேறு பட்டம் படித்தவர்கள் பிசியோ ஆவதற்கானது. பெரும்பாலும் 2 வருடம். எச்.சி.பி.சி. அங்கீகரித்த படிப்பு என்பதால் முடித்ததும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று 'அட்வான்ஸ்டு', 'ஸ்போர்ட்ஸ்' என்று பெயர் வைத்து வரும் 1 வருடப் படிப்பு. ஏற்கனவே பிசியோவாக இருப்பவர்களுக்கானது. அதை முடித்தால் பட்டம் வரும், பதிவு வராது!

இதைவிட வேடிக்கை, பதிவுக்கு அந்த எம்.எஸ்சி.யே தேவையில்லை. நம்ம ஊர் பி.பி.டி.யை வைத்தே எச்.சி.பி.சி.க்கு விண்ணப்பிக்கலாம். நம் படிப்பு அவர்கள் தரத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு சொல்வார்கள்.

என் பெரியம்மா மகளுக்காகக் கடன் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. கடலூரில் ஒரு ஏஜென்ட் "பதிவையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லியிருந்தார். சிதம்பரம் பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்துக் கணக்குப் போட்டேன். கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகளில் பொதுவாக வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் கிராஜுவேட் விசா 2 வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பதிவுக்கான காகிதங்களை அங்கே போய்த் தேட ஆரம்பித்தால் அந்த மாதங்கள் அதிலேயே கரையும். அதுவரை தெரபி அசிஸ்டென்ட் வேலை பார்க்கலாம், சம்பளம் ஒரு படி கீழே. வட்டி மட்டும் கீழே இறங்காது :-)

பாடத்திட்டம், கிளினிக்கல் பயிற்சி விவரம் எல்லாம் படித்த கல்லூரியிலிருந்துதான் வர வேண்டும். கல்லூரிக்கும் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் கடலூரிலிருந்து பஸ் ஏறுவது சுலபமா, லண்டனிலிருந்து ஈமெயில் அனுப்பிக்கொண்டிருப்பது சுலபமா?

மற்ற நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி கவுன்சில் முதலில் சான்றிதழ்களைப் பார்க்கும், பிறகு எழுத்துத் தேர்வு, அதன்பின் கிளினிக்கல் தேர்வு. அமெரிக்காவில் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி, என்.பி.டி.இ. தேர்வும் எழுத வேண்டும். 'டிரான்சிஷனல் டி.பி.டி.' என்ற படிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயரில் டாக்டர் வருமே தவிர, அதை மட்டும் வைத்து லைசென்ஸ் தரமாட்டார்கள்.

அப்படியானால் 1 வருட எம்.எஸ்சி. வீணா என்றால், இல்லை. நரம்பியலிலோ விளையாட்டுக் காயங்களிலோ ஆழமாகப் போக வேண்டும் என்பவர் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எச்.சி.பி.சி. இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, காசும் இல்லை.