அத்தையும் தபால் பெட்டியும்

நமது இல்லத்துக் கலியாணப் பத்திரிகையொன்று சென்ற வருஷம் பினாங்கிலுள்ள அத்தைக்குப் புறப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அழகிய சிறு உறை! போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. அவசரமாகக் கூரியரில் அனுப்ப முயன்றோம். விலாசத்தில் தபால் பெட்டி எண் மட்டுமே இருந்தபடியால், அவர்களும் ஏற்க மறுத்தார்கள். முகூர்த்தம் கடந்தது, அத்தையின் கோபம் மட்டும் இன்னும் கடக்கவில்லை.

குற்றம் நம்முடையதே. 1874-இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட சர்வதேசத் தபால் சங்கத்தில் இந்தியா 1876-இல் சேர்ந்தது. அதன் விதிப்படி, வெளிநாட்டுக் கடித உறை 14 சென்டிமீட்டர் நீளத்துக்கும் 9 சென்டிமீட்டர் அகலத்துக்கும் குறையலாகாது. நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்து 90 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. எப்பக்கமும் 60-ஐ மீறலாகாது. நிறை 2 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

வாடகைத் தபால் பெட்டி தபாலாபீஸுக்குள்ளேயே இருப்பது. வீடு மாறினாலும் விலாசம் மாறாது என்பது அதன் சௌகரியம். ஆனால், தனியார் கூரியர்காரர் அதில் எதையும் போட இயலாது. பெட்டியில் கொள்ளாத பார்சலைச் சொந்தக்காரர் தபாலாபீஸில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகையால் நேயர்களே, பத்திரிகை அச்சிடுமுன் அளவுகோலை எடுங்கள். கூரியரை நாடுமுன் வீட்டு விலாசத்தைக் கேட்டறியுங்கள். அத்தைமார் கோபம் பொல்லாதது!