பாப்பாவின் பிறந்தநாளுக்கு வட்டிக்கடை எதற்கு?

எங்கள் லயனில் போன மாசம் ஒரு பிறந்தநாள் விசேஷம் நடந்தது. ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு தோழரின் மகளுக்கு மூன்று வயது நிறைந்தது. நானும் போயிருந்தேன். விருந்தும் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறானே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் தோழரே என்னிடம் கணக்குச் சொன்னார், எழுதச் சொன்னவரும் அவர்தான்.

மண்டப வாடகை 6,000 ரூபாய். எழுபது பேருக்குப் பிரியாணி 9,000. போட்டோ, வீடியோ 5,000. மூன்று அடுக்குக் கேக் 2,500. குழந்தைக்குக் கவுன் 1,500. வாசலில் கட்டிய பிளெக்ஸ் பேனர் 1,200. கூட்டிப் பாருங்கள், 25,200 ரூபாய் ஆகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போய் 15,000 வந்தது. மீதி வாரக் குழுக் கடன். செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் வசூல்காரர் வந்து வாசலில் நிற்கிறார்.

சரி, கடன் பட்டாலும் பிள்ளை சந்தோஷப்பட்டதா? அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி முழங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. முன்பின் தெரியாத எழுபது முகம், கண்ணைக் கூசும் விளக்கு, கழுத்தை அறுக்கும் ஜரிகைக் கவுன். மாமா வரட்டும், மேஸ்திரி வரட்டும் என்று காத்திருந்ததில் மணி எட்டரை ஆகிவிட்டது. "பாப்பா தூங்கீருச்சுங்க" என்று தாய் மெதுவாகச் சொன்னாள். போட்டோக்காரர் விடவில்லை. எழுப்பி நிறுத்தி, கையில் கத்தியைத் திணித்து, கேக்கை வெட்ட வைத்தார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், பிறந்தநாள்காரி மட்டும் அழுகிறாள். மறுநாள் காலை நான் முழு நைட்டு முடிந்து வரும்போது, கேக் வந்த காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

இதைக் கேட்டதும் சில தோழர்கள், "தொழிலாளி வீட்டில் பிறந்தநாள் எதற்கு, அது பணக்காரன் பழக்கம்" என்று சொல்லக்கூடும். அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் அப்பன் பாட்டனுக்குப் பிறந்தநாள் ஏது? பண்ணையில் பிறந்த பிள்ளைக்குத் தேதி எழுதி வைத்தவர் யார்? "புயலடிச்ச வருஷம், நடவுக்கு முந்தி" என்பார்கள். 1952 புயலா, 1977 புயலா என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அவர் மனசுக்கு வந்த தேதியைப் பதிவேட்டில் எழுதுவார். என் தலைமுறையில் ஏராளமானவர்களுக்கு மே மாசத்திலோ ஜூன் மாசத்திலோ பிறந்தநாள் இருப்பது இப்படித்தான். பேர் சொல்லி, தேதி சொல்லி, இன்று நீ பிறந்தாய் என்று ஒரு பிள்ளையைக் கொண்டாடுவது நமக்குப் புதிதாகக் கிடைத்த பாக்கியம். அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதைக் கடைக்காரன் கையில் கொடுக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரன் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு கதை உண்டு. கேக் வெட்டும்போது எல்லோரும் பாடுகிறோமே இங்கிலீஷ் பாட்டு, அதன் மெட்டு அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளுடையது. தங்கை பாட்டி ஹில், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியாரம்மா. மெட்டுப் போட்டவர் அக்காள் மில்ட்ரெட் ஹில். காலையில் வகுப்புக்கு வரும் குழந்தைகளை வரவேற்க அவர்கள் செய்த பாட்டு 1893ல் புத்தகத்தில் வந்தது. பிறகு அதே மெட்டில் பிறந்தநாள் வார்த்தைகள் ஏறி உலகமெல்லாம் பரவிற்று. அந்தப் பாட்டுக்கு ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாடி, சினிமாவில் பாடினால் காசு, மேடையில் பாடினால் காசு என்று பல்லாண்டு வசூலித்தது. சினிமா எடுக்கும் சிலர் 2013ல் வழக்குப் போட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு உரிமையில்லை என்று 2015ல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2016ல் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. குழந்தையை வாழ்த்தும் பாட்டுக்கே வாடகை வாங்கியவர்கள், கேக்கையும் பலூனையும் மண்டபத்தையும் சும்மா விடுவார்களா?

இனி, குறைந்த செலவில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். சென்ற வருஷம் நாகைப் பக்கம் ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டில் நான் பார்த்ததைச் சொல்லுகிறேன். பையனுக்கு நாலு வயது. பிறந்த தேதி நடவு நாளில் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும். ஆகவே அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குத் தேதி தெரியுமா? இன்றுதான் உன் பிறந்தநாள் என்று சொன்னால் இன்றுதான். ஆலைத் தோழர்கள் ஷிப்ட் பார்த்து வார விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். நேரம் மாலை நாலரை முதல் ஆறரை. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அடிதடியும் அழுகையும்தான். மதியம் தூங்கி எழுந்த பிள்ளைதான் விளையாடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கூப்பிட்டது தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர். இடம் களத்துமேடு, புளியமர நிழல். கூரையிலிருந்து எடுத்து வந்த இரண்டு பழைய சேலைகளை மரத்தில் பந்தல் மாதிரிக் கட்டி, கலர்க் காகிதத்தை வெட்டித் தோரணம் விட்டார்கள். அந்தத் தோரணத்தைப் பிள்ளைகளே முதல் நாள் சாயங்காலம் சோற்றுப் பசையால் ஒட்டினார்களாம். பாதி விசேஷம் அங்கேயே முடிந்துவிட்டது என்று பாட்டி சொல்லிச் சிரித்தாள்.

பலகாரம் கேசரியும் சுண்டலும். அரைக் கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் நெய், கொஞ்சம் முந்திரி. நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதிலேயே ரவையை வாசனை வரும்வரை வறுத்து, கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளற வேண்டும். ரவை நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை போட வேண்டும். முந்திப் போட்டால் ரவை வேகாமல் நின்றுவிடும். நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, நடுவில் ஒரு மெழுகுவத்தி வைத்தார்கள். பையன் ஊதினான், கரண்டிக் காம்பால் வெட்டினான். கேக் இல்லையே என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. சுண்டலுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை. முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டுக் குழைய வேகவைத்தது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழு வேர்க்கடலையை ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஒருமுறை தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இலை இருக்க அது நமக்கெதற்கு?

விளையாட்டுத்தான் மிகவும் ஜோர். முதலில் பூவரச இலையைச் சுருட்டி ஆளுக்கொரு பீப்பீ. பதினைந்து பீப்பீயும் சேர்ந்து ஊதிய சத்தத்தில் புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டன. அடுத்தது கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். நீளமாக மணலைக் குவித்து, குச்சியை உள்ளே ஒளித்து, எங்கே என்று கண்டுபிடிப்பது. மூணு வயதுக்கும் புரியும், எட்டு வயதுக்கும் அலுக்காது. பிறகு குலைகுலையாய் முந்திரிக்காய். ஓடத் தெரியாத சின்னதுகளைப் பெரியதுகள் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடின. ஓட்டப்பந்தயம் வைத்து முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுக்கவில்லை. அதுவும் நல்லதாயிற்று. நாலு வயதில் தோற்ற பிள்ளைக்கு விசேஷமே கசந்துபோகும்.

இருட்டத் தொடங்கியதும் ஒரு காரியம் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டி, பின்னாலிருந்து செல்போன் விளக்கைக் காட்டினார்கள். பையனின் தாத்தா கையாலேயே நாய், கொக்கு, மான் என்று நிழல் காட்டிக் கதை சொன்னார். அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. விரல்கள் சரியாக மடங்கவில்லை. கொக்கு கொஞ்சம் வாத்து மாதிரி வந்தது. பிள்ளைகள் "வாத்து, வாத்து" என்று கத்த, தாத்தா கொக்கை விட்டுவிட்டு வாத்துக் கதையே சொல்லிவிட்டார்.

கேசரிக்கு 250, கடலைக்கு 100, காகிதமும் பலூனும் 80, வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில் 75, பையனுக்குச் சட்டை நிஜார் 350. மொத்தம் 855 ரூபாய்.

பலூன் பற்றி ஒரு எச்சரிக்கை. வாயால் ஊதும் பலூன் போதும். மேலே பறக்கும் கேஸ் பலூன் பலவற்றில் ஹைட்ரஜன் வாயுதான் இருக்கிறது. மெழுகுவத்திச் சுடர் பட்டால் தீயாய் வெடிக்கும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையும் அப்படித்தான். அதைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது. குழந்தை முகத்துக்கு எதிரே சுடர் எரியும்போது அதை அடிப்பது விளையாட்டல்ல. வெடித்த பலூன் துண்டுகளையும் உடனே பொறுக்கிவிடுங்கள். தவழும் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். நாம் பீப்பீ செய்வது பூவரசில். காட்டாமணக்குக் காம்பை ஒடித்து ஊதிக் குமிழி விடும் பழைய விளையாட்டை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் விட வேண்டாம், அதன் பாலும் கொட்டையும் விஷம்.

பேனரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் கலியாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் லாரியில் அடிபட்டு மாண்டாள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்கவே தெரியாதே, பேனர் யாருக்கு?

மொய்யும் வேண்டாம். நூறு ரூபாய் வாங்கினால் நோட்டில் ஏறுகிறது. அதைத் திருப்பிச் செய்ய நாமும் நாலு விசேஷத்துக்கு அலைய வேண்டும். பிள்ளை பேரால் வாங்கும் இன்னொரு கடன் அது.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் நம்முடைய யோக்கியதை தெரியும். ஆலையில் ஒரே மிஷினில் நிற்கிறோம், வயலில் ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். ஆனால் பிள்ளை பிறந்தநாளுக்கு ஊர்த்தெருப் பிள்ளைகள் மட்டும், காலனிப் பிள்ளைகள் இல்லை என்றால் அது என்ன விசேஷம்? எங்கள் லயனுக்குப் பின்னால் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்தை எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை. கேசரிக்குப் பாஷை தெரியாது. பீப்பீ ஊதவும் தமிழ் வேண்டியதில்லை.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விசேஷம் என்றால் நாம் வேட்டி கட்டி வாசலில் நின்று வாங்க வாங்க என்கிறோம். உள்ளே ஒருத்தி விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வேகிறாள். அவளும் ஆலைக்குப் போய்வந்தவள்தான், நடவுக்குக் குனிந்தவள்தான். பெற்றவளும் அவள்தான். பிள்ளை மெழுகுவத்தியை ஊதும் நேரத்தில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கக் கூடாது. ரவை கிளறுவதும் சட்டி தேய்ப்பதும் நமக்கு வராத வித்தையா? கோன் மாற்றுகிற கைக்குக் கரண்டி கனக்காது.

எங்கள் லயன் தோழரின் இரண்டாவது பிள்ளைக்கு வருகிற மாசம் ஒரு வயது நிறைகிறது. மண்டபம் பேசலாமா என்று அவருடைய மைத்துனர் கேட்டாராம். "முதல்ல தோடு வரட்டுங்கண்ணா" என்று அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். லயன் நடுவில் இருக்கும் வேப்பமரத்தடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாகியிருக்கிறது. பின்புறத்து வீடுகளுக்கு அவர் மகளையே அனுப்பிச் சொல்லியாயிற்று. கேசரி கிளற, சங்க ஆபீசில் மே தினத்துக்கு வாங்கிய பெரிய சட்டியைக் கேட்டிருக்கிறார். நேற்றே கொடுத்துவிட்டோம்.