ஆறாம் மாதத்திலேயே கேளுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரப் பதாகை கட்டுவோம், சீம்பாலின் அருமையைச் சொல்வோம். 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் "பால் பத்தல" என்று புட்டியைத் தேடும் பெண்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் குறை மார்பில் இல்லை; பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிய மனச்சோர்வில் இருக்கிறது.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஒரு கர்ப்பிணி சொன்னால் வீட்டில் வரும் பதில், "மாசமா இருந்தா அப்படித்தான்." செக்கப்புக்குப் போன இடத்திலும் பல நேரம் அதேதான்.

அந்த மனசோடு பெற்றவளுக்குப் பிள்ளையின் ஒவ்வொரு அழுகையும் தன்மேல் வைக்கும் புகாராகக் கேட்கிறது. பசியா, தூக்கமா என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் இல்லை. பதற்றம் மிஞ்சினால் பாலை இறங்கவைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோன் தடைப்படும். பிள்ளை காம்பை விட்டுவிட்டு வீறிடும். புட்டி வரும். சப்புவது குறையக் குறைய சுரப்பும் குறையும். "பால் குடுக்க அப்படி என்ன நோவு?" என்று கட்டிலருகே ஒரு குரல் வேறு. அக்கறையாகத்தான் கேட்கிறார்கள், இதைவிடக் கொடுமையான அக்கறை கிடையாது.

பிரிட்டனில் சுமார் 14,000 தாய்மாரின் தரவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பத்தின்போது சோர்வில்லாதவர்களில், பாலூட்ட விரும்பி ஊட்டியவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆசைப்பட்டும் முடியாமல் போனவர்களுக்கோ மிக அதிகம். கைகொடுக்காமல் 'தாய்ப்பாலே சிறந்தது' என்று மட்டும் சொன்னால், முடியாதவளை இன்னும் கீழே தள்ளுகிறோம்.

எனவே என் கோரிக்கை எளிது. கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்கும் அதே நாளில் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். 1987இல் வந்த கேள்விகள், தமிழிலும் இருக்கின்றன. மாமியார், கணவர் இல்லாத தனியிடத்தில் கேட்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் 'நல்லாயிருக்கேன்' என்றுதான் சொல்வார்கள்.

கேட்டபின் என்ன செய்வது என்பீர்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் மருத்துவர் அதீஃப் ரஹ்மான் குழு, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளோடு பேச்சுவழிச் சிகிச்சை நடத்தப் பெண் சுகாதாரப் பணியாளர்களையே பழக்கியது. 2008இல் வெளியான முடிவு இது: குழந்தைக்கு 6 மாதமானபோது, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் சோர்விலேயே இருந்தார்கள், பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 23. நம்மிடமும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும், அதற்கான நேரமும் வேண்டும். இருக்கிற பதிவேடுகளோடு இன்னொன்றைத் திணித்தால் கேள்விகள் பேருக்கு நிரப்பப்படும், அவ்வளவுதான்.

மாத்திரை தேவைப்படுகிறவர்களும் உண்டு. மருந்தென்றாலே பாலை நிறுத்தச் சொல்லும் பழக்கம் மாற வேண்டும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மருத்துவர் பார்த்து எழுதினால் பாலூட்டலைத் தொடரலாம்.

உத்தரவு வரும்வரை, இதைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்