வியாகுலப் பிரசங்கமும் ஊர் நாவும்

மாசி பங்குனியில் வரும் தபசுகாலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசித்தல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மக்களின் பழைய மரபு. கிறிஸ்துநாதரின் பாடுகளை உரைக்கும் அந்நூலை ஒருவர் இராகத்துடன் வாசிக்க, ஊரார் கூடியிருந்து உருகிக் கேட்பர். அதனைச் சுருக்கிவிடலாம், ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிடலாம் என்பாரும் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று.

நூலின் பிறப்பை நோக்குக. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடுத்தனர். குருமார் மிகச் சிலராய் மறைந்து திரிந்த அவ்வாட்சியிலே, 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமிகள் இதனைத் தமிழில் இயற்றினார். அவர் மறைந்தது 1742இல். ஆறுமுக நாவலர் பிறந்ததோ 1822இல். நாவலர் பிறப்பதற்கு எண்பதாண்டுக்கு முன்னரே, செவிக்கென எழுதிய தமிழ் உரைநடை ஈழத்தில் எழுந்துவிட்டது. இஃது ஒரு சமயத்தாரின் செல்வம் மட்டுமோ?

வடசொல் மிகுந்தது, இளையோர்க்கு விளங்காது என்பர். சைவக் கோயில்களிலே கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்வது நம் நாட்டு வழக்கு. விளங்காமைக்கு மருந்து பயன் சொல்லுதலே. ஏட்டை மூடுதல் அன்று. தேவாலயத்திலும் அரும்பதங்களுக்குப் பொருள் கூறி வாசிக்கலாமே!

கருவி பிழையின்றி ஒலிக்கலாம். ஆயினும் முதியவர் அருகே பிள்ளை அமர்ந்து, பதம் பிரித்து, மூச்சடக்கி வாசிக்கப் பழகும் பயிற்சி அதனால் வாராது. பங்கு ஒவ்வொன்றும் அடுத்த பெரிய வெள்ளிக்குள் இளைஞர் இருவரையேனும் பழக்குக. வாசிக்கும் நா அற்றுப்போயின், நூல் அச்சில் இருந்தும் பயன் யாது?