நட்பைக் கேட்டவர்கள் நாம்

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கே பேசினார். மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூடவே ஊழியம் செய்யும் இந்தியரோடு அவர்கள் ஒட்டாமல் விலகி நிற்பதை முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியாக அவர் கேட்டது பணத்தை அல்ல, நட்பை. இரண்டு வருடத்தில் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பேர் பெற்றார். அந்தப் பெருமையை நெல்லைச் சபையார் நாம் இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறோம். வெள்ளைக்காரரிடம் அவர் கேட்டதை நமக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்தோமா என்றால், இல்லை.

அதே 1910-இல்தான் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்திருந்த சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்களும் கிறிஸ்தவர்களே. அது அவர்கள் கோயில் விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. சம்பந்தம் பேசும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும், கமிட்டித் தேர்தலுக்கு ஓட்டுக் கணக்குப் போடும்போதும் அந்தச் சுவரை நாம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

நம் சபைகளின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. வேதத்துக்கு வந்ததற்காக அடிபட்டு, வீடிழந்து நின்றவர்களைக் குடியேற்றத்தான் 1799-இல் முதலூர் என்ற கிராமம் உண்டானது. தாவீது சுந்தரானந்தம் அதற்கு முன்நின்றார். அன்றைக்கு விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒருவருக்குப் பிரசங்கம் மட்டும் போதவில்லை. ராத்திரி கதவைத் தட்டினால் திறக்கிற பக்கத்து வீடு வேண்டியிருந்தது.

இன்று நம் கோயிலுக்கு ஒருவர் மூன்று மாதம் வராவிட்டால் அது முதலில் யார் கண்ணில் படுகிறது? பொருளாளர் கண்ணில். சங்கக் காணிக்கை பாக்கி என்ற வரியில்தான் அவர் நமக்கு நினைவுக்கு வருகிறார். சாவு வீட்டில் முதல் வாரம் பந்தலும் நாற்காலியும் ஜெபக்கூட்டமுமாக நிற்கிறோம். பந்தலைப் பிரித்த பிறகு அந்த அம்மா ரேஷன் கார்டில் பேர் மாற்ற எத்தனை நடை நடந்தார் என்று நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஜெப விண்ணப்பம் வந்தால் 'ஆமென்' போடுகிறோம். கடன்காரன் வாசலில் வந்து சத்தம்போடும்போது கூடப் போய் நிற்பதைவிட அது சுலபம்.

இயேசு தம் சீஷர்களைச் சிநேகிதர் என்று அழைத்ததை யோவான் 15-இல் வாசிக்கிறோம். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் செருப்பைத் தேடி, பைக்கை எடுத்துக் கிளம்புகிறோம். பக்கத்தில் முழங்காற்படியிட்டவருடைய பேர் தெரியாது. சபை விருந்தான அசனத்தன்றாவது ஒரே பந்தியில் உட்காருகிறோமா? சோற்றையும் கறியையும் வாளியில் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

குடிகாரன் மனைவி, வேலை போனவன், சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக வேறு சபைக்குப் போனபோது, நம் ஆடுகளைத் திருடுகிறார்கள் என்று குறை சொன்னோம். ஆஸ்பத்திரியில் அவர்களோடு ராத்திரி கண்விழித்துக் கிடந்தது யார் என்று மட்டும் விசாரிக்கவில்லை. தொலைந்தது ஆடு என்றால், மேய்க்காமல் விட்டது நாம்.

இதற்கு இன்னொரு உபவாசக் கூட்டம் போட்டுத் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அங்கத்தினர் பட்டியலை எடுப்போம். வராமல் நின்றுபோனவர்கள் வீட்டுக்கு ரசீதுப் புத்தகம் இல்லாமல் போவோம். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். காப்பி கொடுத்தால் குடிப்போம், அவர்கள் பேசுவதைக் கேட்போம். அடுத்த வாரமும் போவோம். அவர்கள் கோயிலுக்குத் திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.