ஓட்டுக் கூரையும் புகைக்குழாயும்

1983-ஆம் வருஷம் முதல் 2002 வரை மத்திய சர்க்கார் நடத்திய புகையில்லா அடுப்புத் திட்டத்தினால் புகைக்குழாய் கிராமத்துச் சமையலறைகளுக்கும் வந்தது. ஆனால் அக்குழாய் ஓட்டைத் துளைத்து வெளியேறும் இடத்தைக் கவனிப்போர் சிலரே. திருவண்ணாமலைப் பிரதேசத்தில், மலைமேல் தீபக் கொப்பரை ஏறும் நாட்களிலும் ஓயாத வடகிழக்குப் பருவமழை, அவ்விடத்தையே முதலில் தேடும். கைமரம் உளுத்துப்போம், அருகில் வைத்த வேர்க்கடலை விதை பூஞ்சணம் பிடிக்கும், இறுதியில் குழாயைப் பிடுங்கியெறிந்து, வீட்டுப் பெண்டிர் மறுபடியும் புகையிலேயே சமைக்க நேரிடும்.

துவாரத்தைச் சிமிட்டியால் பூசினாற் போதுமென்று கொத்தர் சிலர் சொல்வது சரியன்று. குழாய் சூட்டினால் நீண்டு, ஆறியபின் சுருங்குமாதலால் பூச்சு விரைவில் வெடித்துவிடும். தகட்டுப் பாவாடையே தக்க பரிகாரம். அதன் மேல் விளிம்பு மேல்வரிசை ஓடுகளுக்கு அடியிலும், கீழ் விளிம்பு கீழ்வரிசை ஓடுகளின் மீதும் இருத்தல் வேண்டும். மாற்றி வைப்பின் தண்ணீர் நேரே அடுப்பில் இறங்கும். கூரைச் சரிவு வீட்டுக்கு வீடு வேறுபடுவதால், சரிவுக்கேற்பத் திருப்பக்கூடிய கழுத்துடைய தகடே உத்தமம். கழுத்து குழாயை இறுகப் பற்றாமல் சிறிது இடைவெளி விட்டு, அதன்மேல் குடைபோன்ற வளையமொன்றை மாட்டுக. சாதாரண ரப்பர்க் கழுத்துகள் நீர்க்குழாய்க்கு ஏற்றவை. புகைக்குழாயின் சூட்டிற்கு ஆகா. கீற்றுக் கூரையிலோ எவ்வகைக் கழுத்தும் வேண்டாம். குழாயைச் சுவர்வழியே வெளியேற்றிக் கூரையினின்று விலக்கி மேலேற்றுக.

அடுப்புக்குப் பணம் ஒதுக்கும் பஞ்சாயத்தார் இத்தகட்டின் விலையையும் அதனுடன் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.